இரண்டாம் மொழியில் வாசித்தல்: சோமனூரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கடந்த முந்நூறு ஆண்டுகளில் தமிழ் எழுத்தின் வடிவத்தில் நேர்ந்து நிலைத்துவிட்ட மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு. இரண்டோடும் ஒவ்வொருவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இருவருக்குமே தமிழ் வீட்டு மொழி அல்ல.

முதலாமவர் இத்தாலியில் 1680-ல் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழ் கற்கத் தொடங்கிய கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் கண்ணுக்கு வேறுபடுத்திக் காட்டியவர் அவர் என்பது மரபு. இரண்டாமவர் ஈரோட்டுக்காரர், தன்னைக் கன்னடன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காத ஈ. வெ. ரா. பெரியார். 1935-ல் குடிஅரசில் அவர் கையாளத் தொடங்கிய வடிவங்களைத் தழுவி, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றி 1978 அக்டோபரில் எம். ஜி. ஆர். அரசு ஆணையிட்டது. இன்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர் இந்த இருவருக்கும் கடன்பட்டிருக்கிறார்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்துவது வழக்கொழிந்து போயிற்று. ஓலை கிழியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். விளைவு என்ன? ஓலையில் கெடுவும் கேடும் ஒன்று. கொடுவும் கோடும் ஒன்று. பலவும் பல்லும் ஒன்று. ரகரமும் காலும் கூட ஒரே கோடுதான். இப்படிப்பட்ட ஓலையை ஒருவன் எப்படி வாசித்தான்? அதில் என்ன இருக்கக்கூடும் என்பது முன்பே தெரிந்திருந்ததால் வாசித்தான். மொழி உள்ளே இருந்தது; செய்யுள் மனப்பாடமாக இருந்தது; ஓலை நினைவைத் தட்டி எழுப்பும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். மொழிக்குள் பிறந்தவனுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பல நூற்றாண்டுகளாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் தெரிந்தது. அவனிடம் முன்கூட்டிய மொழி இல்லை. எழுத்திலிருந்து மொழிக்குப் போக வேண்டியவன் அவன். மொழியிலிருந்து எழுத்துக்கு வருபவன் அல்ல. எழுத்து எங்கே மௌனமாக இருக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பது அவன் கண்ணில்தான் முதலில் படும். பெஸ்கி கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்கள் லத்தீனில் எழுதினார்; கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பேசுவதற்கு ஒரு தமிழ், வாசிப்பதற்கு இன்னொரு தமிழ் என்பதை ஒரு நடைமுறைச் சிக்கலாகச் சந்தித்தவர் அவர். சார்லஸ் ஃபெர்குஸன் இரட்டை வழக்கு பற்றிய தன் கட்டுரையை எழுதியது 1959-ல்.

இரண்டாம் மொழியில் வாசிப்பவனைக் குறைபட்ட வாசகன் என்றே நாம் எப்போதும் எண்ணி வந்திருக்கிறோம். அவன்தான் வாசிப்பு என்ற காரியத்தை அதன் எலும்போடு பார்க்கிறவன் என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்படிப் பார்க்க நேர்ந்த குழந்தைகளைப் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்பது அதன் மறுபக்கம்.

2

திண்ணைப் பள்ளிகளைப் பற்றி இன்று இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவை பிரம்பும் மனப்பாடமும். மறு கட்சிக்கு அவை வெள்ளையன் அழித்த பூந்தோட்டம். இரண்டாம் கட்சிக்குத் தரம்பால் 1983-ல் வெளியிட்ட நூல் பெரிய ஆதாரம். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டு, ஒவ்வொரு ஜில்லாக் கலெக்டரும் அனுப்பிய பள்ளிக் கணக்குகள் அதில் உள்ளன. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். கோயமுத்தூர் ஜில்லாவில் மட்டும் 763. கணக்கு அனுப்பியவர் ஜான் சலிவன். உதகமண்டலத்தோடு சேர்த்து நாம் அறிந்த அதே சலிவன்.

763 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் பள்ளிகளை எண்ணிவிட்டால் வாசிப்பை எண்ணிவிட்டதாக ஆகாது. அதே கணக்கெடுப்பில் பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. கன்னடமும் தெலுங்கும் வழங்கும் அந்த ஜில்லாவில் பிள்ளைகள் படிக்கும் நூல்கள் செய்யுளில் உள்ளவை. அந்தச் செய்யுள் மொழி தெருவில் பேசும் மொழி அல்ல. எழுத்து ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் ஒலித்துவிடுகிறார்கள், பொருள் தெரிவதில்லை. வாத்தியாருக்கும் பல இடங்களில் தெரிவதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். காம்ப்பெல் கும்பெனி அதிகாரி. அவருக்கு வேறு நோக்கங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அதே அறிக்கைதான் கும்பெனி ஆட்சியில் நாடு வறுமைப்பட்டதாலேயே பள்ளிகள் நலிந்தன என்றும் சொல்கிறது. ஆகவே அவர் கண்ணை முழுவதும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் நிகண்டும் சதகங்களும் இங்கும் அதே முறையில்தான் நடந்தன. வாத்தியார் சொல்ல, சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் சொல்ல, பிறகு மணலில் விரல். எழும்பூர் ஆண் அனாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் விடுதியில் புகுத்தினார். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு அதைச் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாக்கினார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணை உலகுக்குக் கொடுத்தது இது: மலிவாக, பலருக்கு, ஒரே நேரத்தில், எழுத்தை ஒலிக்கக் கற்றுக்கொடுக்கும் வழி. பொருளைப் பற்றி அந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

சொற்களையே பார்க்கலாம். வாசி என்பது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் பேச வைத்தல். படி என்பதில் பிரதி எடுப்பதும் உண்டு, கீழ்ப்படிவதும் உண்டு. ஓது என்றால் நமக்குக் கோயில் ஓதுவார். கன்னடத்தில் அதே சொல் இன்று சாதாரணமாகப் படிப்பதைக் குறிக்கிறது. மூன்று சொல்லிலும் வாய் இருக்கிறது, கை இருக்கிறது, பணிவு இருக்கிறது. தனியாக, சத்தமில்லாமல், ஒருவன் ஒரு பக்கத்திலிருந்து பொருள் எடுத்துக்கொள்வது என்ற செயலுக்கு நம்மிடம் தனிச் சொல் இருக்கவில்லை.

3

சோமனூர் கோவை - ஈரோடு ரயில் பாதையில் ஒரு நிறுத்தம். பக்கத்தில் கருமத்தம்பட்டி, மைசூர் மிஷன் காலத்திலிருந்தே கத்தோலிக்கர் ஊர். பின்னால் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவிய மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் 1846-ல் அங்கேதான் ஆயராக அபிஷேகம் பெற்றார். பெஸ்கியைப் போலவே வளர்ந்த பிறகு தமிழைக் கண்ணால் கற்க வந்தவர்கள் அந்த மண்ணிலும் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மற்றபடி சோமனூர் என்றால் தறி. கைத்தறி விசைத்தறி ஆயிற்று. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி எழுந்த பஞ்சாலைகளின் நூல், வியாபாரியிடமிருந்து பாவாகவும் கோனாகவும் இந்த ஊர்த் தறிகளுக்கு வந்து, துணியாகத் திரும்பிப் போகிறது. கூலி நெசவு.

தறி ஓட்டுபவர்களில் தேவாங்கர் ஒரு பெரிய பகுதி. கோவை வட்டாரத்துத் தேவாங்கர் பலருக்கு வீட்டு மொழி கன்னடம், சிலருக்குத் தெலுங்கு. இது மைசூரில் அச்சாகும் கன்னடம் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தமிழுக்கு நடுவில் இருந்து, தமிழ்ச் சொற்களை வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்து என்பதே இல்லாமல் வாயிலேயே வாழ்ந்து வரும் ஒரு பேச்சு. சமையலறையில் அது இருக்கும், தறிக்குழியில் இருக்கும், சௌடேஸ்வரி அம்மன் பண்டிகையில் கத்தி போட்டுக்கொண்டு வருபவர்கள் வாயில் உரக்கவே கேட்கும். பலகையில், பத்திரத்தில், பாடப்புத்தகத்தில் இராது. கொங்கு நாட்டில் இது தனி உதாரணமும் அல்ல. கம்மவார் வீடுகளிலும், அருந்ததியர் வீடுகள் பலவற்றிலும் தெலுங்கு இருக்கிறது, அதே நிலைமைதான்.

இந்தப் பேச்சுகளை எந்தப் பட்டியலும் சரியாகப் பிடிக்கவில்லை. கிரியர்ஸனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்துக்குள் வரவேயில்லை. சென்ஸஸ்காரர் கன்னடம் என்று ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டு போனார். 1956 நவம்பர் முதல் தேதி கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. அங்கிருந்த கன்னடத்துக்கு ஒரு அரசாங்கம் கிடைத்தது. தாளவாடி மலைப்பகுதியின் கன்னடத்துக்குக் கன்னட வழிப் பள்ளிகளாவது கிடைத்தன. சோமனூர்க் கன்னடத்துக்கு ஒன்றும் இல்லை. அது கேட்கவும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்குத் தங்கள் பிள்ளைகளை முழு மனதோடு அனுப்பியவர்கள் இவர்கள்.

ஆக, சோமனூரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று ஒண்ணாவது வகுப்பில் அரிச்சுவடியைத் திறக்கும்போது, அது வாசிக்கக் கற்கும் முதல் மொழியே அதன் இரண்டாம் மொழி. இதைப் பாடத்திட்டம் அறிந்ததில்லை. தமிழ்ப் பெயரோடு, தமிழ்த் தெருவில் தமிழ் பேசிக்கொண்டு வரும் பிள்ளை அது. அதன் தடுமாற்றத்தை வாத்தியார் மந்தம் என்று எழுதிக்கொள்வார்.

இதில் ஒரு விநோதம் உண்டு. பாடப்புத்தகம் நீர் என்று எழுதுகிறது. தமிழ் வீட்டுக் குழந்தைக்கு அது தண்ணி. கன்னட வீட்டுக் குழந்தைக்கு நீரு. புத்தகம் மனை என்கிறது. தமிழ்க் குழந்தைக்கு அது வூடு. கன்னடக் குழந்தைக்கு மனெ. கல், கல்லு, கண், கண்ணு. பால் ஹாலு ஆகும், பல் ஹல்லு ஆகும், போ ஹோகு ஆகும் என்ற ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் இன்னும் ஒரு கூடைச் சொற்கள் கைக்கு வந்துவிடும். செந்தமிழுக்குச் சில இடங்களில் தமிழ்க் குழந்தையை விட இந்தக் குழந்தை கிட்டத்தில் நிற்கிறது. எழுதிய தமிழ் எல்லோருக்கும் ஏதோ ஓரளவு இரண்டாம் மொழிதான். இவனுக்கு அது வெளிப்படையாகத் தெரிகிறது, மற்றவனுக்கு மறைந்திருக்கிறது. ஒரே ஒரு வாத்தியார் நீருவையும் நீரையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால் போதும். ஆனால் வீட்டுப் பேச்சை வகுப்பில் பேசினால் சிரிப்பு, அல்லது அடி என்பதுதான் பொது அனுபவம்.

4

ஆங்கிலத்துக்கு வருவோம். இரண்டாம் மொழி வாசிப்பு என்று சொன்னதும் எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள்.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தார். வங்காளத்து இருமொழி நிலைமை பற்றி அவர் எழுதிய நூல் 1926-ல் கல்கத்தாவில் வெளிவந்தது. அதன் அடிப்படைக் கேள்வி மிகவும் லௌகிகமானது. பள்ளியில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நின்ற நாளில் அவன் கையில் என்ன மிச்சம்? ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் ஒப்படைத்தால் ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. சரண்டர் மதிப்பு என்கிறார்கள். அந்தச் சொல்லையே வெஸ்ட் கல்விக்குக் கொண்டுவந்தார். இலக்கணமும் பேச்சும் மொழிபெயர்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுப் பாதியில் நின்றவனுக்குச் சரண்டர் மதிப்பு பூஜ்யம். வாசிப்பு அப்படியல்ல, ஆயிரம் சொல் அளவுக்கு வாசிக்கத் தெரிந்தவன் ஆயிரம் சொல் அளவு நூல்களை ஆயுள் முழுக்க வாசிக்கலாம். எனவே வாசிப்பை முதலில் கற்றுக்கொடு என்றார். அப்போதிருந்த வாசகப் புத்தகங்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைக் காட்டினார். அருஞ்சொற்களை நீக்கி, ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தெரிந்த சொற்களால் ஆன நீண்ட வெளி இருக்க வேண்டும் என்றார். உரக்க வாசிப்பதை விட்டு, கேள்வியை முன்னால் வைத்து மௌனமாக வாசித்து விடை தேடச் சொன்னார். லாங்மன்ஸ் வெளியிட்ட அவரது நியூ மெத்தட் ரீடர்கள் இந்தியாவுக்கு வெளியேயும் பல நாடுகளில் விற்றன.

வெஸ்டின் யோசனையில் ஒரு காலனிய அடக்கம் இருக்கிறது என்று குறை சொல்லலாம்: உனக்குப் பேச்சு வேண்டாம், வாசித்தால் போதும். குறை நியாயமானதே. ஆயினும் பாதியில் நிற்பவனை மையத்தில் வைத்துப் பாடத்திட்டம் யோசித்தவர் என்ற முறையில் அவர் நம் சுதேசித் திட்டக்காரர்கள் பலரை விட மேல். சோமனூரில் எட்டாவதோடு தறிக்குப் போன பிள்ளையைப் பற்றி யோசித்தது யார்?

சுதந்திரத்துக்குப் பின் காற்று மாறியது. கொங்கு நாட்டுக்காரர்கள் இருவர் இந்தக் கதையில் வருகிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930-ல் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து உயர்நிலைப் பள்ளியில் தமிழைப் பயிற்று மொழியாக ஊன்றினார். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954-லிருந்து 1968-க்குள் வந்ததும் அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தால்தான். அடுத்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், 1952 முதல் 1962 வரை கல்வி அமைச்சர். அவர் காலத்தில் 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி. ஏ. பாடங்களைத் தமிழில் நடத்தும் சோதனை தொடங்கியது. அவர் காலத்திலேயேதான், 1959-ஐ ஒட்டி, ஆங்கிலம் தொடக்கநிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் பெரிய இயக்கம் பிரிட்டிஷ் கவுன்ஸில் உதவியோடு நடந்தது. பனிப்பந்து என்று அதற்குப் பட்டப்பெயர்: சிலர் பயிற்சி பெற்றுப் பலருக்கு, பலர் இன்னும் பலருக்கு. ஆண்ட்ரூ பெல்லின் மதராஸ் முறை ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஊர் திரும்பியது போல இருக்கிறது.

பனிப்பந்து உருட்டியது அமைப்பு முறையை. வாக்கிய அமைப்புகள் தரவாரியாக. முதலில் வாயால், பிறகு கண்ணால். வாத்தியார் பேனாவைத் தூக்கிக் காட்டி இது பேனா என்று ஆங்கிலத்தில் சொல்வார், வகுப்பு சொல்லும். பேனா என்பது எல்லோருக்கும் தெரியும்; தெரிந்ததைச் சொல்ல ஒரு மொழி எதற்கு என்று பிள்ளைகள் கேட்கவில்லை. ஒவ்வொரு அடுக்கு கீழே இறங்கும்போதும் பனி கரைந்தது. கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது கூட்டமாகக் கத்தும் பழக்கம் மட்டும்; அது ஏற்கனவே அங்கே இருந்தது. வாசிப்பு பிற்பாடு என்று ஒத்திவைக்கப்பட்டது. பாதியில் நின்றவனுக்கு அந்தப் பிற்பாடு வரவேயில்லை.

என். எஸ். பிரபு 1979-லிருந்து 1984 வரை பெங்களூரிலும் சென்னை, கடலூர் முதலிய இடங்களிலும் சில பள்ளிகளில் நடத்திய சோதனை இதற்கு ஒரு மறுப்பு. ரயில் அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ பிள்ளையிடம் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்வது. இந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? மொழியைக் கற்பிப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் பொருளில் மனதை மாட்டிவிட்டால் மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டில் புத்தகமாக வந்து உலகெங்கும் பேசப்பட்டது. சோதனை நடந்த பள்ளிகளைத் தாண்டி நம் வகுப்பறைகளை அது அதிகம் தொடவில்லை. நம் திண்ணையும் சரி, பிரபுவும் சரி, வெளியூரில்தான் அதிகம் வாசிக்கப்பட்டார்கள்.

5

இதெல்லாம் கல்வித்துறை விவகாரம், சிறு பத்திரிகைக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு கேள்வி வரும். சம்பந்தம் இருக்கிறது. சிறு பத்திரிகை என்ற காரியமே இரண்டாம் மொழி வாசிப்பின் விளைவு.

க. நா. சுப்ரமண்யம் நட் ஹாம்சனின் நார்வீஜிய நாவலை நிலவளம் என்றும், பேர் லாகர்க்விஸ்டின் ஸ்வீடிஷ் நாவலை அன்பு வழி என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஆங்கில வழி வந்தவை. புதுமைப்பித்தன் மொழிபெயர்த்த உலகக் கதைகளும் அப்படியே. 1959-ல் சி. சு. செல்லப்பா எழுத்துவைத் தொடங்கியபோது அதில் நடந்த விமர்சன விவாதங்களின் கலைச்சொற்கள் ஆங்கில அமெரிக்க விமர்சன நூல்களை வாசித்ததால் பிறந்தவை. 1970களில் எஸ். வி. ராஜதுரை எக்ஸிஸ்டென்ஷியலிசத்தையும் அந்நியமாதலையும் தமிழில் விளக்கியதற்குப் பின்னால் எத்தனை ஆங்கிலப் பக்கங்கள்! பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ருஷ்யரும் நமக்கு இங்கிலீஷ்காரராகவே அறிமுகமானார்கள். காம்யூ என்றும் காமு என்றும் கேமஸ் என்றும் ஒரே ஆள் நம் பக்கங்களில் உலவியது ஏன்? அந்தப் பெயரை யாரும் காதால் கேட்டதில்லை; கண்ணால் மட்டும் பார்த்திருந்தோம்.

வெஸ்ட் கனவு கண்ட மாணவன் நாம்தான். பேச வராது, ஒரு வெள்ளைக்காரன் எதிரில் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனால் விளக்கடியில் உட்கார்ந்து, அகராதி பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு நாலு சொல் தெரியாமல், பொருளை ஊகித்துக்கொண்டு மேலே போகத் தெரியும். வாசிப்பு ஓர் ஊக விளையாட்டு என்று கென்னத் குட்மன் 1967-ல் சொன்னார். அதை நாம் வறுமையால் கற்றிருந்தோம். மெதுவாக, சந்தேகத்தோடு, ஒரு சொல்லுக்கு இது சரியா என்று இரண்டு முறை யோசித்து வாசிக்கும் இந்தப் பழக்கம், தமிழ்ப் பிரதிகள் மேலும் திரும்பியது. தாய்மொழியில் மளமளவென்று ஒலித்துப் போய்விட்ட கவிதையை நிறுத்தி, இந்தச் சொல் இங்கே ஏன் என்று கேட்கும் புத்தி அங்கிருந்து வந்தது. தமிழ் நவீன விமர்சனம் என்பது, தமிழையும் ஓர் இரண்டாம் மொழி போல வாசிக்கத் துணிந்ததுதான். புள்ளியில்லாத ஓலையில் குறை கண்ட பெஸ்கியின் பார்வைக்கும் இதற்கும் உறவு உண்டு.

சோமனூரில் 1935-ல் பிறந்தவர் கோவை ஞானி. கோவையில் தமிழாசிரியர், வானம்பாடியில் இருந்து விலகி, பரிமாணம், நிகழ் என்று பத்திரிகைகள் நடத்தியவர். சங்கப் பாடலையும் மார்க்ஸையும் ஒரே மேஜையில் வைத்து வாசித்தவர். அவருடைய முடிவுகளோடு சண்டை போட்டவர்கள் நம்மில் பலர். ஆனால் ஒரு பள்ளித் தமிழாசிரியர், கட்சியின் துண்டுப் பிரசுரத்தோடு நின்றுவிடாமல், மார்க்சியத்துக்குள் நடந்த விவாதங்களை நூல் நூலாகத் தேடி வாசித்துத் தமிழில் தன் சொந்தக் கேள்விகளாக மாற்றினார் என்பதில் சண்டைக்கு இடமில்லை. பிற்காலத்தில் அவர் பார்வை இழந்தார். வாசிப்பை விடவில்லை, பிறர் வாசிக்கக் கேட்டார், சொல்லி எழுதுவித்தார், 2020-ல் மறையும் வரை. வாசி என்ற சொல்லின் பழைய பொருள், பேச வைத்தல், அவர் வீட்டில் மீண்டும் உயிர் பெற்றது. அதில் மனப்பாடம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டு நின்ற வாசிப்பு அது.

6

இரண்டாம் மொழியில் வாசிக்கத் திணறுவது வாசிப்புச் சிக்கலா மொழிச் சிக்கலா என்று சார்லஸ் ஆல்டர்ஸன் 1984-ல் கேட்டார். முதல் மொழியில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் அந்தத் திறனை இரண்டாவதற்குக் கொண்டுபோகிறான் என்று ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து சொல்லி வந்தார். சோமனூர்ப் பிள்ளையின் விஷயத்தில் இந்தக் கணக்கு இடறுகிறது. அதன் முதல் மொழியில் எழுத்து இல்லை. கொண்டுபோக அங்கே வாசிப்புத் திறன் என்று ஒன்று இல்லை. இரண்டாம் மொழியான தமிழில்தான் வாசிக்கக் கற்க வேண்டும். அந்த மூலதனத்தில்தான் ஆங்கிலத்தையும் வாங்க வேண்டும். தமிழ் வாசிப்பு அரைகுறையானால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் அரைகுறை. ஆங்கில வழியில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று. மூன்றில் எதிலும் ஒரு முழுப் பக்கத்தைத் தானாகப் படித்து முடிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று உருவாகிறது.

சட்டங்கள் வருகின்றன. எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் சட்டம் 2006-ல் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. தேவாங்கக் கன்னடம் போகவில்லை. தமிழ் கற்பதில் அதற்குத் தகராறு ஏதும் இல்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை வீட்டு மொழியில் தொடக்கக் கல்வி என்று பேசியது. எழுத்தில்லாத வீட்டு மொழியை எந்தப் புத்தகத்தில் அச்சிடுவது என்று அது யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தி வருகிறதா போகிறதா என்ற பெரிய சண்டையின் இரைச்சலில், கீழே ஒண்ணாவது வகுப்பில் நடக்கும் இந்தச் சின்ன மொழிமாற்றம் இரு தரப்புக்கும் கேட்கவில்லை.

2023-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு தரமாகச் சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டது. பிள்ளை தானாக எடுத்து, தானாக முடிக்கக்கூடிய அளவில். டாக்காவில் 1926-ல் சொல்லப்பட்ட ஒரு யோசனை நம் அரசுப் பள்ளிக்குத் தமிழில் வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்திருக்கிறது. தாமதம் என்பதற்காக அதை இகழ வேண்டியதில்லை, நல்ல காரியம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வேண்டும்: முதல் இரண்டு ஆண்டு, பொருள் விளங்குவதற்காக, வீட்டுப் பேச்சை வகுப்பில் வாய்விட்டுப் பேசும் அனுமதி. செலவில்லாத சீர்திருத்தம். வாத்தியாருக்கு அந்தப் பேச்சு தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கேட்டுக்கொண்டால் போதும்.

வாசிப்பு எதற்கு என்பதற்குச் சோமனூர் ஒரு விடை வைத்திருக்கிறது. 2021 நவம்பரில் விசைத்தறிக் கூலிக்கு ஒரு உயர்வு அறிவிக்கப்பட்டது. சோமனூர் ரகத்துக்கு ஒரு விகிதம், பல்லடம் ரகத்துக்கு வேறு விகிதம். அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகள் நின்றன. எந்த ரகம், எந்தத் தேதி முதல், எந்த அடிப்படைக் கூலியின் மேல் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும் விஷயங்கள். எழுதப்பட்டது தமிழ்; அதுவும் அரசாங்கத் தமிழ், யாருடைய வீட்டிலும் பேசாத தமிழ். நூல் பையில் நம்பரும் கம்பெனிப் பெயரும் ஆங்கிலம். அந்தக் காகிதத்தைத் தானே வாசித்து, இந்த வரி எனக்குப் பொருந்தும், அந்த வரி பொருந்தாது என்று சொல்லக்கூடியவனுக்கும், பிறர் வாசித்துச் சொல்வதை நம்பித் தலையாட்டுகிறவனுக்கும் நடுவில் உள்ள தூரம் கூலியில் தெரியும். எட்டாவதில் நின்றவன் கையில் மிஞ்சும் சரண்டர் மதிப்பு அதுதான். ஆத்திசூடியைத் தலைகீழாக ஒப்பிப்பது அவனுக்கு அங்கே உதவாது. பொருள் கேட்டு வாசிக்க யாராவது அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் உதவும்.